நாகவல்லி கையெழுத்துப் போடவில்லை

கடிதம் தயாராக இருந்தது. வரதன் அதை மேசைமேல் தள்ளி, பேனாவையும் பக்கத்தில் வைத்தான். 'என் வயரிங் தவறால் திருமுல்லைவாயில் குடியிருப்பில் இரண்டு வாரமாக இணையம் தடைப்பட்டது. வருந்துகிறேன்.' கீழே நாகவல்லியின் பெயர்.

"போட்டுடுக்கா. அசோசியேசன் செக்ரட்டரிதான் இத எழுதி வாங்கச் சொன்னாரு. இனிமே ஆம்பள ஆளா அனுப்புன்றாங்க. நீ பழையபடி ஆபீஸ்ல போன் எடு. பிரச்சன முடிஞ்சிது."

"இன்னா தப்பு பண்ணேன்னு சொல்லு தம்பி, போடறேன்."

"யாருக்குத் தெரியும்? காலைல நெட்டு வரலன்றாங்க."

"தெரியாத தப்புக்கு நான் எதுக்குக் கையெழுத்து போடணும்?"

வரதன் ஆவடியில் கேபிள் டிவி நடத்தி, இப்போது வீடுகளுக்கு இணைய இணைப்புக் கொடுப்பவன். கோவில்பதாகையிலிருந்து வரும் நாகவல்லிக்கு நாற்பத்தொரு வயது. பெற்றோர் அடுத்தவர் வயலில் கூலிக்கு நின்றவர்கள். இவர் பதினெட்டு வயதில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு துணி ஏற்றுமதிக் கம்பெனியில் தையல் மெஷினுக்குப் போனார். அது மூடியதும் வரதன் ஆபீசில் புகார் போன் எடுக்க வந்தார். மற்றவர்கள் செய்யாத வேலைக்கு நான்கு வருடம் இவர் திட்டு வாங்கினார். ஒரு மழைநாளில் லைன்மேன் இருவரும் வரவில்லை. போனில் ஒருவர் 'வாடி போடி' என்று பேசினார். நாகவல்லி போனை வைத்தார், கேபிள் முனை பொருத்தும் கருவியை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் கிளம்பினார். கேபிளுக்குள் இருக்கும் எட்டு நிறக் கம்பிகளின் வரிசை, நூற்கண்டுகளோடு வாழ்ந்தவருக்கு ஒரே மதியத்தில் பழகிவிட்டது. அன்றிலிருந்து ஆறு வருடமாக ஏணி அவரிடம்தான்.

அந்த ஏணியைத்தான் இப்போது கேட்கிறார்கள்.

"நாளைக்கு ஏழு மணிக்கு அங்க கீறேன். பத்து மணிக்குள்ள கண்டுபுடிக்கலன்னா நானே வந்து போன்ல உக்காந்துக்கறேன். கையெழுத்து மட்டும் கெடையாது" என்றவர், கடிதத்தை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

திருமுல்லைவாயில் கட்டடத்தில் நாற்பது வீடுகள். தெருவிலிருந்து வரும் இணைப்பு மாடிப்படிக்கடியில் ரௌட்டரில் முடிகிறது. பக்கத்தில் ஸ்விட்ச் என்கிற பெட்டி; அதிலிருந்து வீட்டுக்கு ஒரு கேபிள். எல்லாம் நாகவல்லி இழுத்தது. ஒவ்வொரு முனையிலும் வீட்டு எண் எழுதிய துணி நாடா கட்டியிருப்பார், சட்டைக் காலரில் தைக்கும் அதே நாடா. லைன்மேன்கள் அதைப் பார்த்துச் சிரித்ததுண்டு.

தினமும் காலையில் இங்கே பாதி வீடுகளில் இணையம் நின்றுவிடும். ஆவடிக் குவார்ட்டர்ஸ் வேலையை முடித்துக்கொண்டு நாகவல்லி மதியம் வந்து பார்த்தால் எல்லாம் ஓடும். ஏழு மணிக்கு அவர் இங்கே வருவது இதுதான் முதல் முறை.

சங்கச் செயலாளர் கோதண்டம் படியிலேயே நின்றிருந்தார். ஆவடித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பகலில் படிக்கட்டு விளக்கு எரிந்தால் அவர் குரல் நாற்பது வீட்டுக்கும் கேட்கும்.

"இன்னாம்மா, மறுபடியும் நீயேவா? பூரிக்கட்ட புடிக்கிற கைய இதுல உட்டா இப்படித்தான்."

"பூரிக்கட்டையும் புடிப்பேன் சார். தள்ளி நில்லுங்க, வெளிச்சத்த மறைக்கறீங்க."

நாகவல்லி லேப்டாப்பை ஸ்விட்சில் சொருகினார். திரையைப் பார்த்தார், பிடுங்கி மறுபடி சொருகினார். "இது நான் வெச்ச நம்பர் இல்லியே."

வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் சுவேதா குனிந்து பார்த்தாள். "எந்த நம்பர்க்கா?"

"ஐ.பி. நம்பரும்மா. ஊட்டுக்கு டோர் நம்பர் மாதிரி ஒவ்வொரு போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் ஒண்ணு. பதிலு அந்த நம்பரத் தேடிகினுதான் வரும். அத குடுக்கறது இந்த ரௌட்டர். வெளிய போற வாசலு எதுன்னும் அதான் சொல்லும், கேட்வேன்னு. நம்ம ரௌட்டரு பத்துல ஆரம்பிச்சுக் குடுக்கும். இது பாரு, நூத்தித் தொண்ணூத்திரெண்டு."

"அப்போ இது யார் குடுத்தது?"

"எங்க தெருவுல கதவுக்குக் கதவு பழைய நம்பர் ஒண்ணு, புது நம்பர் ஒண்ணு. எங்க கேஸ் சிலிண்டரு பாதி நாளு பக்கத்து ஊட்ல எறங்கும். அதே கததான். இந்த பில்டிங்ல ரெண்டு பேரு நம்பர் குடுத்துகினு கீறாங்க. எவன் முந்தறானோ அவன் நம்பரு. ரெண்டாவது ஆளு காட்டற வாசலு வெறும் செவுரு."

அந்த இரண்டாவது ஆளின் எண்ணுக்கு நாகவல்லி பிங் விட்டார். 'இருக்கியா?' என்று விநாடிக்கொரு முறை கேட்கும் கட்டளை அது; இருந்தால் பதில் வரும். வந்துகொண்டே இருந்தது. திரையில் வரிமேல் வரி.

பிறகு கேபிள்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். ஏ-1. பதில் வந்தது. திரும்பச் சொருகினார். ஏ-2. வந்தது. படியில் கூட்டம் சேர்ந்தது. பி வரிசை முடியும்போது மணி எட்டேகால்.

"நாப்பதும் புடுங்கிட்டு, கட்டடமே சரியில்லன்னு சொல்லப்போவுது" என்றார் கோதண்டம். இரண்டு பேர் சிரித்தார்கள்.

நாகவல்லி நிமிரவில்லை. சி-3. வந்தது. அடுத்ததைப் பிடுங்கினார்.

திரை நின்றது.

சொருகினார், ஓடியது. பிடுங்கினார், நின்றது. மூன்று முறை செய்துவிட்டு நாடாவைச் சுவேதாவிடம் நீட்டினார். "நீயே படி."

"சி-4." சுவேதா நிமிர்ந்தாள். "அங்கிள் வீடு."

"என் ஊட்லயே நெட்டு வரல" என்றார் கோதண்டம். "தினம் கத்துறதே நான்தான்."

"உங்களுக்குத்தான் சார் செவுரு ரொம்பப் பக்கம்."

சி-4இன் படுக்கையறையில், பீரோ மேலே ஒரு ரௌட்டர் மினுக்கிக்கொண்டிருந்தது. வீடு மாறிப்போன மகன் சந்தோஷ் விட்டுச்சென்றது. நன்றாக இருக்கும் பொருளைத் தூக்கிப்போடக் கோதண்டத்துக்கு மனசு வரவில்லை. படுக்கையறைக்குச் சிக்னல் கூட்டலாம் என்று சுவரிலிருந்து வரும் கேபிளை அதில் சொருகிவிட்டார். பெட்டி, தன் வேலை என்று நினைத்து, கட்டடம் முழுக்க எண் கொடுக்கத் தொடங்கிவிட்டது.

"வெளிய போம்போது இத இன்னா பண்ணுவீங்க?"

"பத்து மணிக்குக் கெளம்பும்போது எல்லா பிளக்கும் ஆஃப் பண்ணிடுவேன். கரண்ட் வேஸ்ட்டு. இத மறுநாள் காலைலதான் போடுவேன்."

"அதான் மதியம் வந்தா ஒண்ணும் சிக்கல."

கோதண்டம் கதவைச் சாத்தினார். குரல் தாழ்ந்தது. "ஏதோ டெக்னிக்கல் ஃபால்ட்டுன்னு எழுதிடும்மா. பில்டிங் வாட்ஸ்அப் குரூப்புல என் பேரு வேணாம்."

நாகவல்லி பையிலிருந்து கடிதத்தை எடுத்தார். திருப்பிப் போட்டு, வெற்றுப் பக்கத்தில் நின்றபடியே எழுதினார்: 'சி-4இல் வைத்த பழைய ரௌட்டர் கட்டடத்துக்குத் தவறான எண் கொடுத்தது. வயரிங்கில் குறை இல்லை.' பேனாவை நீட்டினார்.

"நானா?"

"முன்பக்கத்துல என் பேரு டைப் அடிச்சு கீது சார். அத அடிக்கச் சொன்னது நீங்கதான். ஒங்களுக்குத் தெரிஞ்ச தப்புக்குத்தான் நான் கேக்கறேன்."

சாத்திய கதவுக்கு வெளியே கூட்டம் பேசும் சத்தம் கேட்டது. கோதண்டம் பேனாவை வாங்கினார்.

கையெழுத்தைப் பார்த்து மடித்து வைத்த பிறகே நாகவல்லி ரௌட்டரை பீரோவிலிருந்து இறக்கினார். எண் கொடுக்கும் வேலையை மட்டும் அதில் நிறுத்தினார். மறுபடி மேலே வைத்தார்.

"இனிமே சிக்னல் மட்டும் குடுக்கும். பெட்ரூம்ல பாத்துச் சொல்லுங்க. எதுனா வந்தா ஆபீஸ்க்கு போன் போடுங்க. நான்தான் வருவேன்."

ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு, கூட்டத்தின் நடுவே படியிறங்கினார்.