நுரையீரலின் குடித்தனக்காரர்கள்

கண்ணாடித் தட்டைச் சன்னலோரம் தூக்கிப் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, "என்னப்பா, எல்லாரும் சௌக்கியந்தானா?" என்று விசாரிக்கிறார் வீட்டுக்காரம்மா. தட்டில் இருப்பவை யாரோ ஒருவருடைய நுரையீரலிலிருந்து வந்த பாக்டீரியாக்கள்.

மருத்துவமனைப் பரிசோதனைக் கூடத்தில் கிருமிகளை இனம் காண்பது அவர் வேலை. சொந்தமாக ஒரு குடிசைகூடக் கிடையாது. பாக்டீரியாக்களைக் குடித்தனக்காரர்கள் என்று சொல்லிச் சொல்லியே 'வீட்டுக்காரம்மா' என்ற பட்டப்பெயர் வந்தது.

"நுரையீரல்னா தொடைச்சு வச்ச காலி வீடுன்னு நினைச்சீங்களா? அங்கயும் ஆள் இருக்கு. கொஞ்சப் பேர்தான்; வருவாங்க, போவாங்க. காவல் செல்லுங்களுக்கு அவங்க முகம் அத்துப்படி. அவங்களோட பழகித்தான் யாரை விடணும், யாரை அடிக்கணும்னே காவல் கத்துக்குது" என்பார், பார்க்கிறவர்களிடமெல்லாம்.

கிருமிகளை அடியோடு ஒழிப்பதாகச் சோப்பு விளம்பரம் வந்தால் தொலைக்காட்சியோடு சண்டைக்குப் போவார். "ஊரையே காலி பண்ணிட்டு யாரைடா காப்பாத்தப் போறே?" கணவர் சட்டென்று சத்தத்தைக் குறைப்பார், விளம்பரத்தின் சத்தத்தை மட்டும்.

இன்று பரிசோதனைக் கூடத்து வாசலில் இரண்டு பேர். கல்லுக்கு மெருகு போடும் தொழிலாளி ஒருவர், மாதக்கணக்காக இருமல். எட்டத்தில், மூக்கில் கைக்குட்டையோடு, அவருடைய பட்டறை மேலாளர். ஒட்டுவாரொட்டி நோய் என்று சொல்லிப் பட்டறையில் இவருக்குத் தனி டம்ளர் கொடுத்தாயிற்று. அது தொழிலாளியின் பையில் எட்டிப் பார்க்கிறது.

"ரிப்போர்ட்ல கிருமின்னு ஒரு வார்த்தை போட்டுடுங்க மேடம். வீட்ல தொத்தினதுன்னு கணக்கை முடிச்சு அனுப்பிடுவோம்" என்றார் மேலாளர்.

தொழிலாளி தலையைத் தூக்கவில்லை. "அப்படி எழுதிட்டா வேலையும் போச்சு, வைத்தியச் செலவும் என் தலையிலதாம்மா."

வீட்டுக்காரம்மாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"கிருமி இருக்கு சார். உங்க நெஞ்சிலயும் இருக்கு, என் நெஞ்சிலயும் இருக்கு. தொத்து நோய் எதுவும் இவருக்கு இல்லை, எல்லாம் பார்த்தாச்சு. உள்ளே இருக்கிறது கல் தூசி. அதை முழுங்கி முழுங்கியே காவல் செல்லுங்க செத்துக்கிட்டு இருக்கு. காவல்காரனைக் கொன்னது உங்க பட்டறை. பழி மட்டும் குடித்தனக்காரன் மேலயா? தூசின்னுதான் எழுதியிருக்கேன்."

"இருந்தாலும் மேடம், ஒருவேளை தொத்திக்கிட்டா..." மேலாளர் கைக்குட்டையை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

வீட்டுக்காரம்மா கையுறையைக் கழற்றினார். தொழிலாளியின் பையிலிருந்து அந்த டம்ளரை எடுத்தார். தாழ்வாரக் குழாயில் தண்ணீர் பிடித்து, வாய் வைத்துப் பாதியைக் குடித்துவிட்டு, மீதியை மேலாளரிடம் நீட்டினார்.