தலையாட்டல்

நான் யாருக்கும் தலையாட்டுவதில்லை. சம்மதம் என்றால் வாயைத் திறந்து ‘ஓம்’ என்பேன். வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஜெர்மன்காரிகள் என்னை ஒரு மாதிரித்தான் பார்ப்பார்கள், எதற்கெடுத்தாலும் இவள் ஏன் ‘யா, யா’ என்று கத்துகிறாள் என்று. பார்த்துவிட்டுப் போகட்டும். என் கழுத்து, என் இஷ்டம்.

யாழ்ப்பாணத்தில் ஆமி எங்கள் ஊரைச் சுற்றிவளைத்த நாளில், எல்லாரையும் பள்ளிக்கூட மைதானத்தில் வரிசையாக நடக்கவிட்டார்கள். ஜீப்புக்குள் ஒருவன் முகத்தைச் சாக்கால் மூடிக்கொண்டு இருந்தான். கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. அவன் தலையை ஆட்டினால் அந்த ஆளைக் கொண்டுபோய்விடுவார்கள். தலையாட்டி என்றுதான் அவனுக்குப் பெயர். என் தம்பி எனக்கு முன்னால் நடந்தான். சாக்கு அசைந்தது. தம்பி திரும்பி வரவேயில்லை.

இங்கே, ஜெர்மனியின் வுப்பர்டாலில் பிறந்த என் மகளுக்கு இதை ஒரே ஒருதரம் சொன்னேன். அவள் இப்போது பிசியோதெரபிக்கு அவுஸ்பில்டுங், அதுதான் தொழிற்படிப்பு, செய்கிறாள். ஊரார் கழுத்தை நிமிர்த்தப் படிக்கிறவள், ஒருநாள் எங்கள் வீட்டு ஹோலில் தன் தலையை நிலத்தில் குத்திப் பம்பரம் மாதிரிச் சுற்றினாள்.

“மாதாவே! இதென்ன பேய்க்கூத்து?”

“இது ஹிப்-ஹாப் அம்மா. இதுக்கும் ஒரு வரலாறு இருக்கு. இருந்து கேளுங்கோ.”

கேட்டேன். நியூயோர்க்கில் பிராங்க்ஸ் என்று ஏழைகளின் பகுதியாம். எரிந்துபோன வீடுகள், தெருவுக்குத் தெரு சண்டைக் கோஷ்டிகள். அங்கே கொண்டாட்டங்களில் இசைத்தட்டுப் போட்ட ஒருவன் கவனித்தானாம்: பாட்டு ஓய்ந்து மேளம் மட்டும் அடிக்கிற அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். உடனே ஒரே இசைத்தட்டில் இரண்டை எடுத்து, ஒன்று ஓடி முடிய மற்றதைப் பின்னுக்கு இழுத்து, அந்த மேளத்தையே நீட்டிக்கொண்டு போனானாம். பாட்டில் அந்த இடத்துக்குப் பெயர் பிரேக். அதற்கு ஆடினதால் ஆட்டத்துக்கும் அதே பெயர். சுற்றி வட்டமாக நிற்பார்கள், நடுவில் ஒருவர் இறங்குவார். கத்தியில் முடியவேண்டிய சில சண்டைகள்கூட அந்த வட்டத்துக்குள் ஆட்டமாக முடிந்தனவாம்.

“உள்ளுக்குப் போறவை திரும்பி வருவினமோ?” என்றேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் பகிடிக்குக் கேட்கவில்லை.

இந்த வசந்தத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து சேலையோடு அவளுடன் போனேன். தொங்கு ரயில் பாதைக்குக் கீழே, ஆற்றோரம் ஒரு சீமெந்துத் தரை. ஆட்டக்காரர்கள் தங்கள் குழுவில் அவளைச் சேர்ப்பதா இல்லையா என்று அன்றுதான் முடிவெடுக்கப்போகிறார்கள். முழங்கால் உரியப் பழகியதெல்லாம் இந்த ஒரு நாளுக்காகத்தான்.

“பின்னாலை நில்லுங்கோ அம்மா. வட்டத்துக்குள்ளை மட்டும் கால் வைக்காதேங்கோ. வைச்சால் ஆட வாறன் எண்டு அர்த்தம்.”

“எனக்கென்ன விசரே?”

இசைத்தட்டு மேசைக்குப் பின்னால் குழுத்தலைவன் நின்றான். கறுப்புச் சட்டையின் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டிருந்தான். முகமே தெரியவில்லை. பாட்டு ஓய்ந்து மேளம் எழும்பியது. மகள் முன்னால் நடந்தாள். அவன் அவளைப் பார்த்தான். தலையை ஆட்டினான்.

நான் ஓடினேன். ஆட்களை இடித்துத் தள்ளிக்கொண்டு நடுவில் போய் அவள் கையைப் பிடித்தேன்.

“தலையாட்டிட்டான் பிள்ளை! வா, ஓடுவம்!”

கூட்டம் என்ன நினைத்தது? சேலைக்காரி ஆட வந்துவிட்டாள் என்று நினைத்தது. கைதட்டல், விசில்.

“ஐயோ அம்மா, மானத்தை வாங்காதேங்கோ!” என்று கையை உதறியவள், சட்டென்று நின்றாள். நான் சொன்ன சொல் அப்போதுதான் அவளுக்கு உறைத்திருக்கவேண்டும். அவனைப் பார்த்து ஜெர்மனில் ஏதோ கத்தினாள். அவன் தொப்பியைப் பின்னுக்குத் தள்ளினான். நரைத்த தாடியும் கண்ணாடியுமாக ஒரு சாதாரண மனிதன். ஆனால் இசையை நிறுத்தவில்லை. இரண்டு தட்டுகளையும் மாறி மாறி இழுத்து அதே மேளத்தை எங்களுக்காக நீட்டிக்கொண்டிருந்தான்.

“அம்மா, அவர் என்னை வரச்சொல்லித்தான் ஆட்டினவர்.”

“தெரியும்.” தெரியும்தான். கை விட மறுத்தது.

“உங்களுக்கு ஏலாது எண்டால் வீட்டை போவம். எனக்கு இந்தக் குழு வேண்டாம்.” அவள் கண் நிறைந்துவிட்டது. “சொல்லுங்கோ.”

‘ஓம், ஆடு’ என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பயத்தில் குரல் வரவில்லை. மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் தலையாட்டினேன்.

பிறகு அவள் கையை விட்டுவிட்டுப் பின்னுக்கு வந்தேன். அவள் குனிந்து தலையை நிலத்தில் வைத்தாள். கால்கள் மேலே போயின. சுற்றினாள். நான் கண்ணை மூடவில்லை, மூடப் பயம். மேளம் முடியட்டும், மாதாவே, முடியட்டும் என்று சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு நின்றேன். அந்த மனிதனோ அதை நீட்டிக்கொண்டே போனான்.

கடைசியில் மூச்சு வாங்க, வியர்வையோடு வந்து என் தோளில் விழுந்தாள்.

“வந்திட்டன் அம்மா.”

குழுவில் எடுத்தார்களா என்று தொங்கு ரயிலில் ஏறின பிறகுதான் கேட்கத் தோன்றியது. அவள் தலையாட்டப் போனாள். பாதியில் நிறுத்தி, வாயைத் திறந்து, “ஓம்” என்றாள்.