மகன் முறையான தளபதி

ஓயாங் துன்லி என்ற பெயரை ஜூஷியாங் முதன்முதலாகக் கேட்டது, அவள் கல்யாணமாகி ஷுவாங்ஷி துறைக்கு வந்த மூன்றாம் நாள் காலையில். முன்னோர் மண்டபத்தில் வம்சப் புத்தகத்தைத் திறந்துவைத்து, யார் யார் அவளுக்கு என்ன முறை என்று பெரிய மாமனார் வாசித்துக்கொண்டிருந்தார்.

"ஓயாங் துன்லி. உனக்கு மகன் முறை. நீ அவனுக்குச் சித்தி."

"கொழந்தைக்கு என்ன வயசுங்க?" என்று கேட்டாள் ஜூஷியாங்.

"முப்பத்தி மூணு. பட்டாளத்துல ஆயிரம் பேருக்குத் தலைவன். பல்லெல்லாம் முளைச்சாச்சு, நீ கவலைப்படாதே."

மண்டபமே சிரித்தது. அவளுக்கு அப்போது பதினேழு வயது. முகம் சிவந்து தேநீர்த் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஓயாங் குலத்தில் வயதுக்கு மதிப்பில்லை, தலைமுறைக்குத்தான் மதிப்பு. ஒவ்வொரு தலைமுறைக்கும் பெயரில் ஓர் எழுத்து உண்டு. அவள் புருஷன் கெங்ஷெங் 'கெங்' தலைமுறை. அதற்கு அடுத்தது 'துன்' தலைமுறை. தொட்டிலில் கிடக்கிற 'கெங்' பிள்ளைக்கும் நரைத்த 'துன்' கிழவன் குனிந்து வணங்கத்தான் வேண்டும்.

துன்லியை அவள் பன்னிரண்டு வருஷம் பார்க்கவில்லை. கேள்விப்பட்டதெல்லாம் உறவுக்காரர்கள் வாயால்தான். அவனுடைய அப்பன் இதே துறையில் ஓடம் தள்ளியவன். வெள்ளத்தில் போய்விட்டான். அதன் பிறகு கழியைப் பிடித்தது துன்லி. அவனுக்குப் பத்தொன்பது வயதாகும்போது வடக்கிலிருந்து வந்த ஒரு பட்டாளம் ஓடக்காரர்களைச் சுமை தூக்கப் பிடித்துப் போனது. மற்றவர்கள் ஓடிவந்துவிட்டார்கள். இவன் மட்டும் சுமையை இறக்கி வைத்துவிட்டுத் துப்பாக்கியை வாங்கிக்கொண்டான். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவன், முப்பது வயதில் எழுத்துக் கற்றான். ஷாங்காய்ச் சண்டையில் இடது கையில் இரண்டு விரல் போனது. வெற்றியால் பெயர் வாங்கியவன் இல்லை. பின்வாங்கும்போது கடைசி ஆளாக வருவான், அதனால் வாங்கிய பெயர். ஆற்றைக் கடக்கு முன் செருப்பைக் கழற்றி, கணுக்கால் அளவு தண்ணீரில் நின்று பார்ப்பானாம். "நம்ம ஓடக்காரன் ஆத்துகிட்டே ஜாதகம் கேக்கறான்" என்று சிப்பாய்கள் முதுகுக்குப் பின்னால் சொல்வார்களாம்.

எங்கே இருந்தாலும் புத்தாண்டுக்கு ஒரு பொட்டலம் வந்துவிடும். மேலே அவன் கையால் 'சித்திக்கு' என்று எழுதியிருக்கும். ஒரு தடவை சோப்பு, ஒரு தடவை ஊசிகள். பார்க்காத பெண்ணுக்கு, தன்னைவிடப் பதினாறு வயது சின்னவளுக்கு ஒரு தளபதி முறை தவறாமல் அனுப்புகிறானே என்று அவள் ஊசியில் நூலைக் கோக்கும்போதெல்லாம் நினைப்பாள்.

ஜப்பான்காரன் தெற்கே இறங்கிய அந்தக் கோடையில் துன்லியே வந்தான். கூட ஆயிரத்து நானூறு பேர். பாதிப் பேருக்குக் காலில் செருப்பில்லை. ஆற்றைக் காவலாக வைத்து எதிரியை நான்கு நாள் நிறுத்த வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. முன்னால் வந்த சிப்பாய்கள், ஆறு பெருகுமுன் விடியற்காலையிலேயே, ஓடங்களையெல்லாம் தென்கரைக்கு இழுத்து வந்து எரிக்கத் தயாராக வைக்கோல் அடைத்துவிட்டார்கள். வடகரையில் குலத்து நிலத்தில் முதல் போகம் அறுக்கப் போன முப்பத்து நாலு பேர் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். துறையின் ஓடக்காரர்கள் அத்தனை பேரும் அந்தக் கூட்டத்தில். கெங்ஷெங்கும் அதில்தான்.

ஜூஷியாங் படித்துறைக்கு ஓடினாள். இரண்டு சிப்பாய்கள் அப்போதுதான் ஓர் ஓடத்தைக் கிளப்பிப் பார்த்தார்கள். சமவெளிக்காரர்கள். வெள்ளத்தில் ஓடம் குடம் மாதிரி மூன்று சுற்றுச் சுற்றி இதே கரையில் முட்டியது. அதைப் பார்த்துக்கொண்டு வெறுங்காலோடு தண்ணீரில் நின்றிருந்த ஒருவர் திரும்பினார். இடது கையில் மூன்று விரல்.

"நீங்கதான்..." என்று ஆரம்பித்தாள்.

அவர் நிமிர்ந்து நின்று, இடுப்பு வரை குனிந்து வணங்கினார். சுற்றி நின்ற அதிகாரிகள் வாய் பிளந்தார்கள். "சித்தி, 'நீங்க'ன்னு சொல்லாதீங்க. எங்கப்பா ஆத்துக்குள்ள இருந்து எழுந்து வந்து உதைப்பார்."

"அப்ப சொல்றேன். துன்லி, உன் சித்தப்பா அந்தக் கரையில இருக்கார். எல்லாரையும் கூட்டிட்டு வா."

"முடியாது சித்தி. நான் இந்தச் சட்டையில இருக்கேன். சட்டைக்கு உத்தரவு வேற."

"சட்டை பொறந்தப்பவே போட்டுட்டு வந்ததா?"

அவர் துணை அதிகாரி மா என்பவரைக் கூப்பிட்டார். "வடக்கே பைன் மேட்டுல எதிரி தலை தெரிஞ்சா உடனே எரி. நான் வர்ற ஓடம் நடு ஆத்துல இருந்தா அதையும் சுடு. உள்ளே யாருன்னு பார்க்காதே. புரியுதா?"

"ஐயா, தளபதி போகக் கூடாது. நான் ஆள் அனுப்பறேன்."

"யாரை? இப்ப வட்டம் அடிச்சாங்களே, அவங்களையா?"

பொத்தான்களைக் கழற்றினார். சீருடைச் சட்டையை மடித்து, இரண்டு கையாலும் ஜூஷியாங்கிடம் நீட்டினார். "இப்ப நான் துன்லி. சொல்லுங்க சித்தி."

"போயிட்டு வா," என்றாள்.

அவர் கழியை ஊன்றினார். அதைப் பார்த்தவர்கள் சாகும்வரை அதைத்தான் பேசினார்கள். இருபத்தாறு வருஷம் கழியைத் தொடாத மனிதர் வெள்ளத்தோடு மல்லுக்கட்டவில்லை. சுழல் இழுத்த இடத்தில் இழுக்க விட்டார். பாறைக்குப் பின்னால் நீர் தளர்கிற இடத்தில் ஒரே ஒரு குத்து. ஓடம் வழுக்கிக்கொண்டு போய் வடகரையில் நின்றது. தென்கரையில் பட்டாளத்துச் சமையல்காரன் ஒருவன், "அடேயப்பா, ஜாதகம் கேட்டது வீண் போகல" என்றான்.

முதல் நடையில் பன்னிரண்டு பேர், கைப்பிள்ளைக்காரிகள். இரண்டாவதில் பதினொரு பேர். கெங்ஷெங் ஏறவில்லை. அந்தக் கரையில் நின்றவர்களில் மூத்த தலைமுறை அவன்தான். அவன் கடைசியாகத்தான் ஏற வேண்டும்.

இரண்டாவது நடை இறங்கிக்கொண்டிருக்கும்போதே பைன் மேட்டில் ஏதோ அசைந்தது. ஒரு தலை. பிறகு பத்து. மா தீப்பந்தத்தைத் தூக்கினார். தூக்கிய கை நின்றுவிட்டது.

துன்லி தண்ணீரில் நின்றபடி ஜூஷியாங்கைப் பார்த்தார். உள்ளங்கை கிழிந்து கழியெல்லாம் ரத்தம். "இன்னும் பதினொரு பேர் இருக்காங்க. நான் இப்ப உங்க பிள்ளை. போன்னா போறேன். சொல்லுங்க."

அவர் போவார் என்று அவளுக்குத் தெரிந்தது. அதுதான் பயமாக இருந்தது. அக்கரையில் கெங்ஷெங்கின் நீல முண்டாசு தெரிந்தது. இந்தப் பக்கம் கரை நெடுக மண்ணில் குப்புறப் படுத்திருந்த சிப்பாய்ப் பையன்கள் தெரிந்தார்கள். ஓர் ஓடம் எதிரி கையில் சிக்கினால் போதும், அத்தனை பேரும் போனார்கள்.

அவள் படியிறங்கித் தண்ணீருக்குள் போனாள். மடித்த சட்டையை உதறி விரித்தாள். அவர் தோளில் அவளே போட்டாள்.

"போட்டுக்கோ, துன்லி."

அவர் ஒவ்வொரு பொத்தானாகப் போட்டார். கடைசிப் பொத்தானைப் போட்டதும், "எரி," என்றார்.

இருபத்திரண்டு ஓடங்களும் எரிந்தன. அக்கரையில் நீல முண்டாசு ஒரு தரம் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு நாணலுக்குள் மறைந்தது. எதிரி ஆற்றங்கரையில் நான்கு நாள் நின்றான். ஐந்தாம் நாள்தான் கடக்க முடிந்தது. அதற்குள் பின்னால் இருந்த மூன்று ஊர் ஜனமும் மலையேறித் தப்பிவிட்டது.

பின்வாங்குவதற்கு முன் துன்லி முன்னோர் மண்டபத்துக்கு வந்து அவள் முன்னால் மண்டியிட்டார். "சித்தப்பாவை நான் விட்டுட்டேன்."

"நீ விடல. சட்டையைப் போட்டுவிட்டது நான். எந்திரி, உன் ஆளுங்க பார்க்கறாங்க."

"பார்க்கட்டும்."

"முட்டி வலிக்கப் போகுது. நீ என்ன சின்னப் பையனா?"

அந்தப் பதினொரு பேரில் நாலு பேர் இலையுதிர் காலத்தில் மலை வழியாகத் திரும்பினார்கள். கெங்ஷெங்கை எதிரிகள் சுமை தூக்க இழுத்துப் போனார்களாம். அதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

சண்டை நடுவில் தளபதி தன் இடத்தை விட்டு ஓடம் தள்ளப் போனது மேலிடத்துக்குத் தெரிந்தது. பதவியைக் குறைத்தார்கள். "போனது நிஜம்" என்று மட்டும் விசாரணையில் துன்லி எழுதிக் கொடுத்தாராம். ஆட்சி மாறியபோது பழைய பட்டாளத்துக்காரர் என்று பிடித்துப் போய்ப் பதினொரு வருஷம் ஒரு பண்ணையில் செங்கல் சுட வைத்தார்கள். அதற்குள் அவர் மனைவி இறந்துவிட்டாள். பிள்ளை கிடையாது. வெளியே விடும்போது, போக இடம் உண்டா என்று கேட்டார்கள். ஒரே ஒரு பெயரைச் சொன்னார். ஜூஷியாங் இரண்டு நாள் நடந்து போய்க் கையெழுத்துப் போட்டு அழைத்து வந்தாள்.

"புருஷனைக் கரையில விட்டவனுக்கா சோறு போடறே?" என்று பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி கேட்டாள்.

"அவன் என் பிள்ளை. புத்தகத்துல இருக்கு, போய்ப் பாரு," என்று சொல்லிவிட்டு ஜூஷியாங் அரிசி களையப் போனாள்.

ஓயாங் துன்லிக்கு இப்போது எண்பத்து நாலு வயது. ஷுவாங்ஷி துறையில், ஜூஷியாங்கின் வீட்டில், மேற்குப் பக்கத்து அறையில் இருக்கிறார்.