மீட்டர் பார்க்கிறவர் வீட்டு விடுமுறை

அவருடைய பெயர் அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது. 'ஆஃப்காரர் வீடு' என்று கேட்டால் பால் போடுகிறவர்கூட வழி சொல்லிவிடுவார். வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரைப் பார்த்துக் குறிப்பது முப்பத்தொரு வருடமாக அவர் பிழைப்பு. ஆனால் பட்டப்பெயர் பிழைப்பால் வந்ததல்ல, கையால் வந்தது. யார் வீட்டுக்குள் போனாலும், குடிக்கத் தண்ணீர் கொண்டுவரப் போனவர் திரும்புவதற்குள் எரிகிற விளக்கை அந்தக் கை அணைத்திருக்கும். ஒருமுறை துக்கம் விசாரிக்கப் போன இடத்தில் ஃபேனை நிறுத்திவிட்டு வந்தார்.

கஞ்சன் என்று நினைத்துவிடாதீர்கள். கேட்டவருக்கு இல்லை என்று சொல்லத் தெரியாத மனுஷன். எண் ஏறுவதைப் பார்த்தால்தான் அவருக்குத் தாங்காது. வேலை முடிந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டுக்குப் பக்கத்துச் சுவரில் இருக்கும் மீட்டரைத்தான் பார்ப்பார். மனைவி முகத்தைப் பார்ப்பதெல்லாம் அப்புறம்.

"மீட்டரை ஒரு பார்வை பாத்தாப் போதும், அந்த வீட்ல யாரு இருக்கா, யாரு இல்லைன்னு சொல்லிடுவேன்" என்று அவருக்கு ஒரு பெருமை. வெறும் வாய்ச்சவடால் இல்லை. ஓடுகிற வேகத்தை வைத்தே, இங்கே மகன் வந்திருக்கிறான், அங்கே கைக்குழந்தை இருக்கிறது, எதிர்வீட்டுப் பெண் கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள் என்று புட்டுப்புட்டு வைப்பார்.

பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டார்கள். மகளும் மாப்பிள்ளையும் பேத்தியும் பத்து நாள் தங்க வருவதாகச் சொன்னார்கள். போன வருடமும் பத்து நாள் என்றுதான் வந்தார்கள். மாப்பிள்ளை குளித்துக்கொண்டிருந்தபோது இவர் குளியலறை விளக்கை அணைத்ததில், ஐந்தாம் நாளே 'ஆபீஸில் அவசரம்' வந்துவிட்டது. அதிலிருந்து அவர் மனைவி ஒரு வருடமாக மகள் வரும் நாளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"இந்தத் தடவை சுவிட்சு மேல உங்க கை படக் கூடாது. பிள்ளைங்க பாதியில கெளம்பினா நானும் கூடவே கெளம்பிடுவேன், சொல்லிட்டேன்" என்றாள்.

"சரிம்மா, தொடவே மாட்டேன். போதுமா?"

சொன்ன வாக்கை அவர் அட்சரம் பிசகாமல் காப்பாற்றினார். சுவிட்சைத் தொடவே இல்லை. காலையில் எல்லோரும் தட்டின் முன் உட்கார்ந்ததும், யாரோ போய்ச் சேர்ந்த சேதியைச் சொல்கிற குரலில், "நேத்து பதினாலு யூனிட்" என்று மட்டும் சொன்னார். மாப்பிள்ளைக்குப் புரையேறியது.

ஃப்ரிட்ஜ் திறந்தால் பக்கத்தில் போய் நின்று பெருமூச்சு விட்டார். அதுவும் தொடுவதில் சேராது. மாப்பிள்ளை இஸ்திரிப் பெட்டியை எடுத்துவிட்டு, மாமனாரின் முகத்தைப் பார்த்து அதை இருந்த இடத்திலேயே வைத்தார். கசங்கின சட்டையோடு நண்பர் வீட்டுக்குப் போனார். ஆறு வயதுப் பேத்தி கார்ட்டூன் பார்க்கும்போது, "தாத்தா, இது எத்தனை யூனிட்?" என்று கேட்டாள். தாத்தா உச்சி குளிர்ந்து கணக்குச் சொன்னார். அவள் டிவியை நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அடுத்த நாள் பதினொன்று. அதற்கடுத்த நாள் எட்டு. மூன்று படுக்கையும் ஒரே ஃபேனுக்கடியில் வந்துவிட்டது. "பாத்தியா, சுவிட்சைத் தொடாமலே சாதிச்சேன்" என்று மனைவியிடம் சொன்னபோது அவருக்கு வாயெல்லாம் பல். அந்த அம்மாள் காலித் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மனைவி வாயை மூடிக்கொண்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிற ரகம் அவர்.

நான்காம் நாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்தவர், வழக்கம்போலக் கேட்டருகே குனிந்தார். காலையில் பார்த்ததற்கு ஒரே ஒரு யூனிட்தான் கூடியிருந்தது. மின்சாரம் ஓடினால் மின்னுகிற சிவப்பு விளக்கு மின்னவே இல்லை. மீட்டர் பழுதோ என்று தட்டிப் பார்த்தார். பழுதில்லை. அவருக்குத் தலைகால் புரியவில்லை. பிள்ளைகள் திருந்திவிட்டார்கள்! இதற்கு ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்று கேட்டிலிருந்தே திரும்பி, முனைக்கடைக்கு ஓடி, பெரிய டப்பா ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு வந்தார். ஊரார் மீட்டரையெல்லாம் படித்தவருக்குத் தன் வீட்டு மீட்டர் சொன்னது மட்டும் மண்டையில் ஏறவில்லை.

கதவில் பூட்டுத் தொங்கியது.

பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா சாவியோடு வந்தாள். "மத்தியானமே எல்லாரும் கெளம்பிட்டாங்களே. அக்காவும் அவங்ககூடவே மக வீட்டுக்குப் போயிட்டாங்க. உங்களுக்குப் போன் பண்ணட்டுமான்னு கேட்டேன். வேண்டாம், அவரு மீட்டரைப் பாத்தே தெரிஞ்சுக்குவாருன்னு சொன்னாங்க."

உள்ளே ஃப்ரிட்ஜைக் காலி செய்து, துடைத்து, அணைத்து, கதவையும் திறந்து வைத்துவிட்டுப் போயிருந்தாள் அந்த அம்மாள். எதிலும் குறை சொல்ல முடியாது. ஐஸ்கிரீம் கையிலேயே உருகிக்கொண்டிருந்தது. அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். வெட்கமாக இருந்தது. அதைவிட, பயமாக இருந்தது.

மறுநாள் விடுப்புச் சொல்லிவிட்டு முதல் பஸ்ஸில் ஏறினார். மகள் வீட்டு வாசலில், கதவுக்குப் பக்கத்திலேயே மீட்டர். பழகின கண், போகாமல் இருக்குமா? சிவப்பு விளக்கு படபடவென்று மின்னிக்கொண்டிருந்தது. ஏசி ஓடுகிறது, டிவி ஓடுகிறது, இஸ்திரிப் பெட்டிகூடச் சூடாகிறது. எல்லோரும் இருக்கிறார்கள். வாழ்நாளில் முதல்முறையாக, வேகமாக ஓடுகிற ஒரு மீட்டரைப் பார்த்து அவருக்கு மனசு நிறைந்தது. உள்ளேயிருந்து பேத்தி சிரிக்கிற சத்தமும் கேட்டது.

மணியை அழுத்தக் கையைத் தூக்கினார். அதற்குள் அவள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள்.

"தாத்தா வந்துட்டாரு!"

குட்டிக் கால்கள் அறை அறையாக ஓடின. டக், டக், டக் என்று சத்தம். டிவி வாயை மூடியது. அவர் கண்ணெதிரே சிவப்பு விளக்கு மெதுவாகி, இன்னும் மெதுவாகி, நின்றே போனது.

கதவு திறந்தது. மூச்சு வாங்க, முகமெல்லாம் சிரிப்பாக நின்றாள் பேத்தி. "எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டேன் தாத்தா. இப்ப சந்தோஷமா?"

அவர் குனிந்து அவள் தலையைத் தடவினார். "போடும்மா" என்றார்.

"எதைத் தாத்தா?"

"எல்லாத்தையும் போடு."

குழந்தை நம்பவில்லை. திரும்பி அம்மா முகத்தைப் பார்த்தாள்.