அக்கா வேண்டிக்கொண்ட எடை

அம்மன் கோயில் மண்டபத்தில், உத்திரத்திலிருந்து சங்கிலி போட்டுத் தொங்கவிட்ட பெரிய தராசு. ஒரு தட்டில் நான் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தேன். மறு தட்டில் அக்கா மூட்டையைப் பிரித்து நெல்லைக் கொட்டிக்கொண்டிருந்தாள். என் தட்டு தரையை விட்டு எழும்புகிற வழியாகவே இல்லை. நாற்பதை நெருங்கும் ஒரு பஸ் கண்டக்டர், ஊரே பார்க்க மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூச்சைப் பிடித்தால் எடை குறையும் என்று எனக்கு யார் சொன்னார்களோ!

அதற்கு முந்தின வருஷம் வரை நான் குடைக்கம்பி மாதிரி இருந்தவன். உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் போகும் பஸ்ஸில் எவ்வளவு கூட்டம் இருந்தாலும் உள்ளே புகுந்து டிக்கெட் போட்டுவிடுவேன். வண்டி நின்ற இடத்திலெல்லாம் ஒரு சிகரெட். பல நாள் அதுவும் டீயும்தான் சாப்பாடு. இருமல் விடாமல் பிடித்துக்கொண்டபோது டாக்டர் என் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, இப்போதே விட்டால் தப்பித்தாய் என்றார். விடுவதற்கு மாத்திரையும், மென்றுகொண்டிருக்க ஒரு கம்மும் எழுதிக் கொடுத்தார். மானாம்பதியில் வாழ்க்கைப்பட்ட அக்காவுக்கு விஷயம் தெரிந்ததும் நேராகக் கோயிலுக்குப் போய் வேண்டிக்கொண்டு வந்துவிட்டாள். தம்பி சிகரெட்டை விட்டுவிட்டால் அடுத்த பங்குனியில் எடைக்கு எடை நெல். அத்தான் இறந்த பிறகு அவளுக்கென்று இருந்தது ஏரிக்குக் கீழே ஒரு துண்டு நிலம்தான். அதில் விளைவதுதான் அவளுடைய வருஷத்துச் சோறு. நான் குடைக்கம்பியாக இருந்த நேரம் பார்த்து அம்மனிடம் பேசி முடித்த பேரம் அது. சிகரெட்டை விட்டவன் ஊதிப் பெருப்பான் என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அம்மனுக்குத் தெரிந்திருக்கும்.

விட்டேன். கை சும்மா இருக்கவில்லை, வாயும் சும்மா இருக்கவில்லை. வேர்க்கடலை, முறுக்கு, பஸ் ஸ்டாண்டு போண்டா. போண்டா கடைக்காரர் என் பஸ் திரும்புவதைப் பார்த்தாலே எண்ணெயைக் காய வைப்பார். தீபாவளிக்குத் தைத்த பேண்ட் பொங்கலுக்கு ஏறவில்லை. "கண்டக்டரே, நீ ஒரு ஓரமா குந்திக்கோ, நாங்களே துட்ட பாஸ் பண்ணி வுட்றோம்" என்பார்கள் பயணிகள். "பின்னாடி டயரு தேஞ்சா என் சம்பளத்துலதான் புடிக்கிறாங்க" என்று நானும் எடுத்துவிடுவேன். பஸ்ஸே சிரிக்கும்.

அக்கா வீட்டில்தான் எனக்குச் சிரிப்பு வராது. மூலையில் மஞ்சள் துணி கட்டிய மூட்டைகள் தனியாக நிற்கும். ஒவ்வொரு தடவை போகும்போதும் என்னைத் தலை முதல் கால் வரை ஒரு பார்வை பார்ப்பாள். உள்ளே போவாள். கொஞ்ச நேரத்தில் மரக்காலால் நெல் அளந்து கொட்டுகிற சத்தம் கேட்கும். நான் தின்ற போண்டாவெல்லாம் அவள் சோற்றிலிருந்து போய்க்கொண்டிருந்தது. "இன்னாக்கா, ராத்திரிக்கும் கூழா?" என்று கேட்டால், "ஒடம்புக்குக் குளுமடா" என்பாள்.

மருந்துக்கடை பாய் தன் கடை வாசலில் எடை மெஷின் வைத்திருந்தார். "நீ ஏறி ஏறி அந்த மெஷினே பேஜாராயிட்ச்சி கண்டக்டரே" என்று கிண்டல் செய்வார். ஒருநாள் அவரிடம் என் திட்டத்தைச் சொன்னேன். இந்த மாத்திரையால்தான் இவ்வளவும்; நிறுத்திவிட்டுப் பங்குனி வரை பழையபடி ஊதினால் இளைத்துவிடுவேன், தராசில் உட்கார்ந்து எழுந்த பிறகு மறுபடி விட்டுவிடலாம். பாய் சிரிக்கவில்லை.

"மாத்திரய இன்னாத்துக்குத் திட்ற? இத்தினி நாளு சிகரெட்டு ஒன் பசிய அமுக்கி வெச்சிருந்திச்சி. இப்ப அது எயுந்து குந்திக்கினு சோறு கேக்குது. தொப்பய நடந்து கரைக்கலாம். நெஞ்சு போச்சின்னா நான் எந்த டப்பாவுலேருந்து எடுத்துக் குடுப்பேன்?"

இதைக் கேட்ட பிறகும் அடுத்த பெட்டிக்கடையில் ஒரு பாக்கெட் வாங்கினேன். பிரிக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மானாம்பதிக்குப் போனேன். அக்கா அடுப்பெதிரே உட்கார்ந்து ஊதிக்கொண்டிருந்தாள். என் திட்டத்தை அவளிடமும் ஒரு ஜோக்காகச் சொன்னேன். அவள் என் சட்டைப் பையையே பார்த்தாள்.

"நம்பள பெத்த நைனா கடசி மாசம் எப்டி இருந்தாருன்னு ஒனக்குத் தெரியாது. நீ மெட்ராஸ்ல வேல தேடிக்கினு இருந்த. பாயிலேருந்து நான் ஒருத்தியே அவர தூக்கிக்கினு போயி குளிப்பாட்டுவேன்டா. எவ்ளோ பெரிய ஆளு! பீடி குட்ச்சி குட்ச்சி, இருமி இருமி, பஞ்சு மாரி ஆயிட்டாரு. நீ எத்தினி மூட்ட இருந்தாலும் நான் கொட்றேன். உன்ன அந்த மாரி தூக்க மட்டும் வெச்சிடாத."

பாக்கெட்டை எடுத்து நீட்டினேன். வாங்கி அடுப்பில் போட்டாள். மொத்தமும் ஒரே நேரத்தில் பற்றிக்கொண்டு வீடெல்லாம் புகை. கடைசியாக நான் இழுத்த சிகரெட் புகை அதுதான். பொய் சொல்வானேன், நன்றாகத்தான் இருந்தது.

பங்குனியில் அந்தத் தராசில், கொண்டுவந்த மூட்டைகளெல்லாம் தீர்ந்தும் என் தட்டு எழும்பவில்லை. இடுப்பில் இடுக்கி வைத்திருந்த கடைசி நெல் பையை அக்கா மெல்லச் சாய்த்தாள். தட்டு ஆடியது, எழுந்தது. "எயுந்துட்ச்சி!" என்று அவள் கூவியபோது கூட்டமே சிரித்தது. அந்த வருஷம் முழுக்க அவள் ரேஷன் அரிசிதான் சாப்பிட்டாள்.

தொப்பை இன்னும் போகவில்லை. சர்க்கரைக்கு மாத்திரை, பிரஷருக்கு மாத்திரை, காலையில் ஏரிக்கரையில் நடை. சிகரெட் மட்டும் இல்லை.

அக்காவுக்குத்தான் இப்போது மூச்சு வாங்குகிறது. ஒருநாளும் புகை பிடிக்காதவள். ஆயுசெல்லாம் விறகடுப்பை ஊதியிருக்கிறாள், அதுதான் என்கிறார் டாக்டர். மாத்திரை எழுதித் தருகிறார். அவள் உடம்பில் எதுவும் ஒட்டவில்லை. போன மாதம் ஆஸ்பத்திரிக்குப் போக அவளைக் கட்டிலிலிருந்து தூக்கினேன். கனமாக இருப்பாள் என்று நினைத்து, காலை அகட்டி வைத்து, மூச்சைப் பிடித்துத் தூக்கினேன். கை தேவைக்கு மேலே எழும்பிவிட்டது. என் தோளில் சாய்ந்தபடி, "பாத்துடா, ஒன் தட்டு கீய எறங்கிடப் போவுது" என்றாள். ஆட்டோ சீட்டில் அவளை உட்கார வைத்தேன். பிறகும் வெகுநேரம் என் கைகள் அவள் எடைக்காகக் காத்துக்கொண்டிருந்தன.