தென்காசிச் சந்தையில் பச்சைச் சிப்பி

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு நானும் என் கணவரும் தென்காசி ரயில் நிலையத்தில் இறங்கினோம். ஆனி மாதம். மலை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெண்மை. மழை என்று சொல்ல முடியாத ஓர் ஈரம் முகத்தில் ஒட்டிக்கொண்டே இருந்தது. மதுரையில் முந்தின நாள் அடித்த வெயிலை யாரோ கனவில் கண்டதுபோல் மறந்துவிட்டோம்.

சந்தையில் மீன் விற்ற ரோசம்மாளிடம் கடல் சிப்பி இருந்தது. கொல்லம் வண்டியில், நனைந்த சாக்கில் வந்த சரக்கு. என் கணவருக்குக் கடல் உணவென்றால் உயிர். ஒரு டஜன் ஒரு ரூபாய்.

"நல்ல கொழுத்த சிப்பி. கொண்டு போங்க டீச்சர்," என்றாள். நான் ரசாயனம் கற்பிப்பவள் என்பதை அதற்குள் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தாள்.

குற்றாலம் மூன்று மைல். பேருந்துக்கு ஆளுக்குப் பதினைந்து நயா பைசா. இருபுறமும் வயல்கள் மங்கலாக மிதந்தன. பேரருவியில் நின்றபோது பக்கத்தில் நின்றவரின் கை மட்டும் தெரிந்தது. உடம்பு நீரில் கரைந்திருந்தது.

பகலில் விடுதிச் சமையற்காரர் சிப்பியை வதக்கித் தந்தார். நான் ஒன்றைக் கடித்துத் துப்பிவிட்டேன். காசை நாக்கில் வைத்ததுபோல் ஒரு கசப்பு. என் கணவர் ஒன்பது தின்றார். மூன்று மணிக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுக்கத் தொடங்கினார். மருத்துவர் வந்து பார்த்து, ஓய்வு போதும் என்றார்.

சமைக்காத இரண்டு சிப்பிகள் மிச்சமிருந்தன. உள்ளே சதையின் ஓரம் பாசி நிறம். ஓர் இரும்பு ஆணியைக் கல்லில் பளபளவென்று தேய்த்து, சதையில் குத்தி, எலுமிச்சைச் சாறு விட்டு வைத்தேன். ஒரு மணி நேரத்தில், புளிப்பு கரைத்த உலோகம் இரும்பின்மேல் படிந்து ஆணி சிவந்திருந்தது. செம்பு.

சனிக்கிழமை காலை, இவர் எழுந்து கஞ்சி குடித்த பிறகு, தனியே சந்தைக்குப் போனேன். ரோசம்மாள் ஆணியைப் பார்த்துச் சிரித்தாள்.

"துருவைக் காட்டி ஏவாரத்தக் கெடுக்குதியளா?"

அவளுடைய ஆணி, அவளுடைய சிப்பி, பக்கத்துக் கடை எலுமிச்சை கொண்டு அங்கேயே மறுபடி செய்தேன். காத்திருந்தோம். சாரல் கூரைத் தகரத்தில் மெல்லக் கிசுகிசுத்தது. அவள் ஆணியை இழுத்துத் துடைத்தாள். புதுத் துரு என்றால் துணியோடு வந்திருக்கும்; இந்தச் சிவப்புப் போகவில்லை.

"இது எங்கே எடுத்தது?"

"கொல்லம் பக்கம் ஒரு காயல்ல, கடத்தண்ணி ஏறி நிக்க கழி. பழைய மரக்கப்பல உடைக்கிற இடம். அங்கனதான் கொழுத்துக் கெடக்கும்."

அந்தக் கப்பல்களின் அடியில் செப்புத் தகடு அடித்திருப்பார்கள், அது கரையும் நீரைத்தான் சிப்பி குடிக்கிறது, என் கணவர் வாந்தி எடுத்ததும் அதனால்தான் என்றேன். அவள் ஆணியைக் கீழே வைத்தாள்.

"எம் மவ ஏழு மாசம் டீச்சர். சத்துன்னு தெனமும் இதத்தான் அவிச்சுக் குடுக்கேன். வாந்தியா எடுக்கா. மசக்கை இன்னும் விடலைன்னு இருந்தோம்."

அவள் உடனே எழுந்தாள். வாங்கியவர்கள் கையிலிருந்ததையும் கேட்டு வாங்கி, சாக்கோடு சேர்த்துக் குழியில் கொட்டி மண் தள்ளினாள். கடையை அப்படியே விட்டுவிட்டு, மகள் இருந்த செங்கோட்டை வீட்டுக்குப் பேருந்தைப் பிடிக்க ஓடினாள்.

மேலும் மூன்று நாள் குற்றாலத்தில் இருந்தோம். அருவியின் ஓசைக்குள் அந்தப் பெண்ணைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை, நான் முன்பே சொல்லியிருந்த வண்டி நேரத்துக்கு, தென்காசி நிலையத்தில் ரோசம்மாள் எங்களைத் தேடி வந்தாள்.

"வாந்தி நின்னுட்டு டீச்சர். டாக்டரம்மா பாத்தாவ. பிள்ளை நல்லா அசையுதாம்." சொல்லிவிட்டு அழுதாள், பிறகு என்னைக் கூர்ந்து பார்த்தாள். "செம்புக்கு ஆணி இருக்கு. ஈயம், பாதரசம்னு இன்னும் என்னெல்லாமோ உண்டும்னு டாக்டரம்மா சொல்லுதாவ. அதெல்லாம் மீனுல இருந்தா எதக் குத்திப் பாக்க?"

வீட்டில் வைத்துப் பார்க்க எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை. தெரியாது என்றேன்.

"சரி, தெரிஞ்சா எழுதுங்க," என்றாள்.

வண்டி நகர்ந்தது. மதுரைச் சந்தையில் இதே கடல்களின் மீனை இத்தனை வருடங்களாக ஒரு கேள்வியும் கேட்காமல் வாங்கியிருக்கிறேன்.