காபி ஃபில்டரில் ஏறிய நாய்

எங்கள் வீட்டில் என் பேச்சை மீறலாம், என் மனைவி பேச்சைக்கூட மீறலாம். கொலுப்படியை மீற முடியாது. ஒரு பொம்மை படியேறி ஆரத்தியும் வாங்கிவிட்டால் விஜயதசமி வரை யாரும் அதைத் தொடக் கூடாது. அமெரிக்காவில், எங்கள் சன்னிவேல் அபார்ட்மென்ட்டின் குட்டி ஹாலை அடைத்துக்கொண்டு ஐந்து படி. ஒருக்களித்து நடந்தால்தான் நான் சோபாவுக்கே போக முடியும்.

அந்த வருஷம் மூன்றாம் வகுப்பு படித்த மகளுக்கு ஸ்கூலில் ப்ராஜெக்ட். தலைப்பு, முதல் செயற்கைக்கோள்கள். முதலாவதற்கு ரெண்டு எவர்சில்வர் கிண்ணங்களை வாயோடு வாய் ஒட்டி, நாலு குச்சி செருகினாள். ரஷ்யாக்காரன் விட்டதும் அப்படித்தான் இருந்ததாம். ஒரு பந்து, நாலு ஆன்டெனா, பீப் பீப். அதற்கே அமெரிக்கா அரண்டுபோயிற்று. ரெண்டாவதில் ஒரு நாயை ஏற்றி அனுப்பினார்கள். அதற்கு மகள் எடுத்தது என் காபி ஃபில்டரை!

"ஏண்டா கண்ணா, வேற பாத்திரமே கிடைக்கலையா?"

"அப்பா, இட் ஹேஸ் ஹோல்ஸ். ஷி நீட்ஸ் டு ப்ரீத்."

தினமும் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துத் தூங்கும் குட்டிப் பஞ்சு நாயை உள்ளே உட்கார வைத்து மூடினாள். டைனிங் டேபிள் முழுக்கத் தாம்பூலப் பை. பசை காயட்டும் என்று ரெண்டையும் மூன்றாம் படியில், செட்டியார் பொம்மை பக்கத்தில் வைத்துவிட்டாள்.

சாயங்காலம் பக்கத்து ஊர் மில்பிடாஸிலிருந்து ஒரு ஆன்ட்டி வந்தார். பந்துக்கும் ஃபில்டருக்கும் பயபக்தியாகக் குங்குமம் வைத்தார்.

"இது எந்த ஊர் சாமி?"

"ரஷ்யா ஆன்ட்டி."

"அங்கேயும் கோயில் கட்டிட்டாங்களா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். மனைவி எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆரத்தி எடுத்தாள். தொலைந்தது.

"இனிமே விஜயதசமிக்குத்தான் இறங்கும்" என்றாள்.

"வியாழக்கிழமை ப்ரசென்டேஷன்! அப்புறம் என் காபி?"

"இன்ஸ்டன்ட் குடிங்க."

ராக்கெட் விடுகிற காலத்தில் இப்படியும் ஒரு சட்டமா என்று கத்தினேன். யார் கேட்டார்கள்?

மறுநாள் மகள் லைப்ரரி புத்தகமும் அழுத கண்ணுமாக வந்தாள். அந்த நாய் திரும்பி வரவே இல்லையாம். "தே நெவர் ப்ளான்ட் டு ப்ரிங் ஹெர் பேக், அம்மா." ஏற்றியவர்கள் இறக்க வழியே வைக்கவில்லை. நாயை மட்டும் இப்போதே இறக்கச் சொல்லிக் கெஞ்சினாள். மனைவிக்கும் கண் கலங்கிற்று, ஆனாலும் அசையவில்லை. "நடுவுல இறக்கக் கூடாதும்மா. விஜயதசமிக்குக் கட்டாயம் இறக்கிடலாம்."

"ப்ராமிஸ்?"

"சத்தியமா."

அதுவரை மகள் காலையும் மாலையும் படி எதிரே நின்று ஃபில்டர் மூடியைத் தட்டி, "ஐ'ம் ஹியர்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வியாழக்கிழமை நான் லீவு போட்டேன். வகுப்பில் மகள் பேச, வீட்டில் வேட்டியோடு கொலு முன்னால் நின்று வீடியோ காலில் காட்டினேன். செயற்கைக்கோளைச் சுற்ற விட முடியாததால் போனோடு நான் சுற்றினேன். சோபாவில் இடித்து விழப் பார்த்தேன். சுற்றி நிற்பவர்கள் யார் என்று டீச்சர் கேட்டார். "மிஷன் கன்ட்ரோல்" என்றாள் மகள். தசாவதார செட் அசையாமல் நின்றது.

ஒரு பையன் கேட்டான், நாய் எப்போது திரும்பி வரும் என்று.

"தி ரியல் ஒன் டிடன்ட்" என்றாள். "அவர்ஸ் வில். மை மாம் ப்ராமிஸ்ட்."

விஜயதசமி சாயங்காலம் ஆரத்தி முடிந்தது. வழக்கமாக மனைவி மரப்பாச்சியைப் படுக்க வைப்பாள், அதோடு சரி, மற்றதெல்லாம் மறுநாள்தான் இறங்கும். அன்றைக்கு மரப்பாச்சியைத் தொடும் முன்பே ஃபில்டரைத் திறந்து, நாயை எடுத்து மகள் கையில் கொடுத்தாள். "முதல்ல இவ இறங்கட்டும்."

மகள் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். ஒரு சுண்டல் கடலையை அதன் மூக்கருகே வைத்தாள். எது கேட்டாலும் இங்கிலீஷில் பதில் சொல்கிற பெண், அதனிடம் தமிழில் பேசினாள்.

"வந்துட்டியா? பயப்படாதே. வீட்டுக்கு வந்துட்டே."

மனைவி காலி ஃபில்டரை என்னிடம் நீட்டினாள். அது என் கையிலேயே இருந்தது, காபி ஞாபகமே வரவில்லை.